கரண்டி ஒன்று, குறைவு

ஃபோவன்ட் கிராமத்துக்கு மேலே
கோதுமை அறுத்த தாள்களுக்கிடையில்
டிடெக்டரின் தட்டை இடமும் வலமும் வீசி நடக்கிறோம்,
ஜனீன் முன்னால், நான் பின்னால்.
முதல் வருடம் முழுக்க
அவள் பூட்ஸ் பதிந்த இடத்தில் மட்டுமே
என் பூட்ஸை வைத்தேன்.
கால் வலியா என்று கேட்டாள்.
ஆம் என்றேன்.

தாழ்ந்த குரலென்றால் இரும்பு: ஆணி, லாடம்,
டிராக்டர் உதிர்த்த பல்.
நடுக்குரல் ஏமாற்றுக்காரி.
பியர் டின்னின் வளையத்துக்கும் அதே குரல்,
கல்யாண மோதிரத்துக்கும் அதே குரல்.
உயர்ந்து மணிபோல் வந்தால்
மண்டியிடுவோம்.

சில நாள் கூம்பாய், கனமாய் ஒன்று
மண்ணிலிருந்து தலை காட்டும்.
தொடமாட்டோம்.
கொடி ஊன்றி, பின்வாங்கி, போலீசுக்குச் சொல்லிவிட்டு
வேலியோரம் பிளாஸ்க்கைத் திறப்போம்.
ஜனீனின் கை நடுங்கித் தேநீர் சிந்தும்.
எனக்கு அந்த நேரம் மட்டும் நடுங்குவதில்லை.
காலை எங்கே வைக்கக் கூடாது என்பது
கண்ணுக்குத் தெரிகிறதே.

ஞாயிறு மாலை அவள் சமையலறை மேசை.
பழைய பல்துலக்கி, பல்குத்தும் குச்சி, பூதக்கண்ணாடி.
தோட்டா உறையின் அடியைத் தேய்க்கத் தேய்க்க
தொழிற்சாலையின் முதலெழுத்து வரும்,
பின்னால் வருடம்.
பொத்தானில் கிரீடம் வரும்.
உச்சி குவிந்திருந்தால் அரசர் காலம்,
நடுவில் குழிந்திருந்தால் அரசி.
"மேடா? பள்ளமா?" என்பாள் ஜனீன்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பொத்தானைத் தெறி என்போம்.
சட்டையை விட்டுத் தெறித்து ஓடுவதால்
அந்தப் பெயர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.
பிறகொரு காலம்
மண்ணைத் தோண்டியவர்கள்
தெறிகளை வெள்ளைத் தாளில் பரப்பி, இலக்கமிட்டு,
எங்களை வரிசையில் வரச் சொன்னார்கள்.
நாலு துளை. நீலம். ஓரம் உடைந்தது.
தம்பியின் சட்டைக்குத் தெறி தைத்தது நான்தான்.
என்ன நிறம் என்று நினைவில்லை.
நூல் நினைவிருந்தது.
நூல் உக்கிப் போயிருந்தது.

போன மாதம் ஒரு கரண்டி கிடைத்தது.
வளைந்த காம்பில் அடித்த இலக்கம்,
கடைசி ஏழு மட்டும் சாய்ந்து.
எதிர்க் குன்றின் சுண்ணாம்பில் வெட்டிய படைச் சின்னங்கள்
பார்த்துக்கொண்டிருக்க,
இரண்டு பேரும் கத்தினோம்.
ஜனீனுக்கு ஒரு வீரன் வேண்டும்.
பதக்கம் வேண்டும், அம்மாவுக்குக் கடைசிக் கடிதம் வேண்டும்.

லண்டன் காப்பகத்தில் அவன் கோப்பு இருந்தது.
அடுத்த போரின் குண்டில் எரிந்த கட்டடத்திலிருந்து
தப்பிய ஒற்றைத் தாள், ஓரம் கருகி.
ஈனோக் ஸ்டிக்லண்ட். கூரை வேய்பவன்.
ஐந்தடி மூன்று அங்குலம்.
கரண்டி ஒன்று, குறைவு.
சம்பளத்தில் நாலு பென்ஸ் பிடித்தம்.

அவ்வளவே.
பிரான்சுக்குப் போனானா, திரும்பி வந்து
யாருடைய கூரைக்காவது வைக்கோல் அடுக்கினானா,
நெருப்பு தின்றுவிட்டது.
"அவனுக்கு நாலு பென்ஸ் வர வேண்டியிருக்கிறது"
என்றாள் ஜனீன்.
வயிறு நோகச் சிரித்தோம்.

அவள் தூங்கப் போன பிறகும்
அந்த வரியை வாசித்துக்கொண்டிருந்தேன்.
ஒருவன் ஒரு கரண்டியைத் தொலைத்தான்.
இன்னொருவன் மையைத் தொட்டு
அதை எழுதி வைத்தான்.

திங்கள் காலை.
நாங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சலவை அறை.
காலுறைக்கும் பெயர் நாடா தைத்துத்தான் போடுவோம்.
ஆனாலும் இயந்திரத்தின் வயிற்றில்
ஏதோ கடகடவென்று சுற்றியது.
கதவைத் திறந்து கையை விட்டேன்.
வெள்ளைத் தெறி, இரண்டு துளை.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
ஒன்றாம் அறையைத் தட்டினேன்.
என்னுடையதில்லை என்றார் மிஸ்டர் ப்ளெவின்.
இரண்டாம் அறை.